குடிநோயிலிருந்து மீட்பு: சென்னையில் ஒரு குடும்பம் எங்கே தொடங்குவது, எப்படித் தொடர்வது

என் அண்ணன் குடியை விட வேண்டும் என்று எங்கள் வீட்டில் முதன்முதலில் செய்த காரியம், அவரை அறைக்குள் வைத்துப் பூட்டியதுதான். வியாசர்பாடியில் இரண்டு அறை கொண்ட வீடு. அம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். முதல் நாள் அண்ணன் கதவைத் தட்டிக் கத்தினார். இரண்டாம் நாள் வியர்த்துக் கொட்டியது. தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. மூன்றாம் நாள் இரவு, போர்வையிலிருந்து எதையோ இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளி எடுத்துத் தரையில் போட்டுக்கொண்டிருந்தார். "எறும்பு, எறும்பு" என்றார். போர்வையில் ஒன்றும் இல்லை. எதிர் வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு உடனே 108-ஐ அழைத்தார். அதனால்தான் அண்ணன் இன்று இருக்கிறார்.

அதன் பிறகு பல வருடங்களாக, இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுடன் துணைக்கு மருத்துவமனைக்குப் போய் வருகிறேன். அவர்களிடம் வாயால் சொல்லி வந்ததைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். பெரும்பாலான குடும்பங்கள் கையில் உள்ள பணம், விடுப்பு, பொறுமை எல்லாவற்றையும் வார்டில் செலவழித்துவிடுகின்றன. வீட்டுக்கு வந்த பிறகு செலவழிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. மீட்பு என்கிற வேலையோ வீட்டுக்கு வந்த அன்றுதான் தொடங்குகிறது. ஆகவே தொடக்கத்திலிருந்தே பாதியை மிச்சம் பிடித்து வையுங்கள்.

வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்தாதீர்கள்

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? கொஞ்சம் குடித்தால் அந்த நடுக்கம் நிற்கிறதா? முன்பு ஒரு குவார்ட்டரில் வந்த போதைக்கு இப்போது இரண்டு தேவைப்படுகிறதா? இவற்றுக்கு ஆம் என்றால் அது கெட்ட பழக்கம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. உடல் மதுவைச் சார்ந்து இயங்கத் தொடங்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் இதை அளக்க 10 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வகுத்திருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண். 20-ம் அதற்கு மேலும் வந்தால் சார்பு இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இப்படிச் சார்ந்துவிட்ட உடலில் மதுவைத் திடீரென நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் மனக்குழப்பம், இல்லாததைக் காண்பது, காய்ச்சல், படபடப்பு ஆகியவை வரலாம். அண்ணன் எறும்பு பொறுக்கியது அந்தக் கட்டம். சிகிச்சை இல்லாவிட்டால் அது உயிரைப் பறிக்கும். மருத்துவமனையில் அதற்கென்று மாத்திரைகள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். வைட்டமின் பி1 ஆன தயமின் ஊசியும் போடுவார்கள். நீண்ட நாள் குடித்தவருக்குத் தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடக்கூடும். தெருமுனை கிளினிக்கில் "உடம்பு தளர்ச்சி" என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றச் சொல்பவர்கள், இவர் தினமும் குடிப்பவர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது நம் பக்கத்தில் பரவலான வழக்கம். அதை நான் குறை சொல்லமாட்டேன். சாமிக்குப் பயந்து வாழ்நாள் முழுக்க நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கயிறு கட்டுவதும் மதுவைத் திடீரென நிறுத்துவதுதான். மாலை போடுவதும் அப்படியே. கட்டுகிற அன்றே ஒரு மருத்துவரையும் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. "மாலை போட்ட நாளெல்லாம் தொடவே இல்லை, நான் எப்படி அடிமை?" என்று அவர் கேட்பார். மாலையைக் கழற்றிய அன்று மாலை என்ன நடந்தது என்பதை மட்டும், சண்டை இல்லாமல், நினைவூட்டுங்கள்.

பேசுவதற்கு ஒரு நேரம் உண்டு

டாஸ்மாக் கடை நண்பகல் 12 மணிக்குத் திறக்கிறது. காலை டீ குடித்து முடித்ததிலிருந்து கடை திறக்கும் வரை உள்ள நேரம்தான் உங்களுடையது. போதையில் இருப்பவரிடம் பேசுவது வீண். மறுநாள் அவருக்கு அது நினைவில்கூட இருக்காது.

ஒருவர் மட்டும் பேச வேண்டும். பெரியப்பா, மாமா, மச்சான் எல்லோரையும் கூட்டி வைத்துப் பஞ்சாயத்து நடத்தினால் அவர் தலை குனிந்து எல்லாவற்றுக்கும் சரி என்பார். பிறகு அந்த அவமானத்தைத் தீர்க்கவே குடிக்கப் போவார். பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். அந்தச் சத்தியம் முறியும்போது பிள்ளைதான் உடைந்துபோகும்.

எங்கள் வீட்டில் கடைசியில் வேலை செய்தது அண்ணி சொன்ன மூன்று வாக்கியங்கள். "நேற்று ராத்திரி சின்னவள் உங்களைப் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், நானும் வருகிறேன்." திட்டு இல்லை, கெஞ்சல் இல்லை. நடந்தது ஒன்று, தன் மனநிலை ஒன்று, அடுத்து செய்யப்போவது ஒன்று.

எந்தக் கதவைத் தட்டுவது

எதுவும் புரியாமல் நிற்கும் நேரத்தில் 14416-ஐ அழையுங்கள். இது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, எந்த நேரத்திலும் எடுப்பார்கள். போதைப் பழக்கத்துக்கென்று தனியாக 14446 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. வலிப்பு, குழப்பம், ரத்த வாந்தி, தற்கொலை முயற்சி என்றால் இவை எதற்கும் காத்திராமல் நேராக 108.

சிகிச்சைக்கு, வீட்டுக்கு அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே போதும். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மூன்றிலும் மனநலப் பிரிவு உண்டு; காலையில் வெளிநோயாளிகளைப் பார்க்கிறார்கள். 2025 முதல் அரசு 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களையும் தொடங்கியிருக்கிறது.

அயனாவரத்துக்குப் பக்கத்தில், மேடவாக்கம் குளச் சாலையில் இருக்கும் அரசு மனநலக் காப்பகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1794-இல் தொடங்கிய நிறுவனம். 1871 முதல் இப்போதைய இடத்தில் இருக்கிறது. நம் ஊரில் "கீழ்ப்பாக்கம்" என்ற சொல்லையே வசவாக்கிவிட்டோம். அந்த ஒரு வசவுக்குப் பயந்து எத்தனையோ குடும்பங்கள் அந்த வாசலைத் தாண்டாமல், வட்டிக்குக் கடன் வாங்கித் தனியாரிடம் போகின்றன. உள்ளே போய்ப் பாருங்கள். மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம். போதை மீட்புக்குத் தனி வார்டு. அனுபவம் மிக்க மருத்துவர்கள். வெளிநோயாளியாகப் போய் அன்றே வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

தொண்டு நிறுவனங்களில், இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனையைப் பலரும் அறிவார்கள். சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை அது. குடிநோயாளிக்கு மட்டுமல்லாமல் குடும்பத்துக்கும் சேர்த்து ஆலோசனை தருவது அங்குள்ள சிறப்பு. வடசென்னையிலிருந்து போகிறவர்கள் கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் இந்திரா நகர் நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

குடியோடு மனநோயும் சேர்ந்திருப்பது அரிதல்ல. குடிக்காத நாட்களிலும் காதில் குரல் கேட்கிறது, யாரோ தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள், வாழவே பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால், அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சிதைவு போன்ற நீண்டகால நோய்களுக்கு அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் எம். சாரதா மேனன் 1984-இல் நிறுவியது. மனநோயால் வீடிழந்து தெருவில் திரியும் பெண்களுக்காக 1993-இல் தொடங்கியது பேனியன் என்ற அமைப்பு. இப்படிப்பட்ட நோய் நீண்ட நாள் நீடித்து, பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அதன் வழியான உதவிகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

தனியார் மையத்தில் சேர்க்கும் முன்

புறநகர்ச் சாலைகளில் சுவருக்குச் சுவர் விளம்பரம் பார்க்கலாம். ஒரு போன் செய்தால் நான்கு பேர் வேனில் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் உறவில் ஒருவரை அப்படித்தான் ஒரு மையத்துக்கு அனுப்பினோம். ஒரு மாதம் பார்க்கவே விடவில்லை. பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே நீளநீளமாகத் தழும்புகள். அவரை அங்கே அனுப்பச் சம்மதித்தவர்களில் நானும் ஒருத்தி. இன்றும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 என்ன சொல்கிறது என்பதைக் குடும்பத்தில் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். மது, போதைப்பொருள் காரணமான மனநிலைக் கோளாறுகளும் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தானாக முன்வந்து சேர்ந்தவர் தானாகவே வெளியேறக் கேட்கலாம். அவர் சம்மதிக்க முடியாத நிலையில், நியமனப் பிரதிநிதியின் (அவர் சார்பில் செயல்படப் பெயர் குறிக்கப்பட்டவரின்) விண்ணப்பத்தின் பேரில் சேர்ப்பதென்றால், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும்; அந்தச் சேர்க்கை 30 நாட்களுக்குத்தான் செல்லும். சங்கிலியால் பிணைப்பதைச் சட்டம் எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றி இறந்துபோன தமிழ்நாடு இது.

ஆகவே நேரில் போங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எந்த நாள் வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள், குடும்பம் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். சமையலறையையும் கழிப்பறையையும் பாருங்கள். பார்க்க விடவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மருத்துவரிடம் போகும் நாள்

ஒரு பையை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும், பழைய மருந்துச் சீட்டுகள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள். காப்பீட்டு அட்டை இல்லை என்பதற்காக அரசு மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டியவை: கடைசியாகக் குடித்த நாள், மணி, ஒரு நாளைக்கு எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, தூக்க மாத்திரை, கஞ்சா, வேறு பழக்கம் உண்டா, மஞ்சள் காமாலை, சர்க்கரை, ரத்த அழுத்தம். அளவைச் சொல்லும்போது "கொஞ்சம்" என்று சொல்லாதீர்கள். 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. ஒரு அளவுக்கு 10 கிராம் என்ற மருத்துவக் கணக்கில் ஆறு அளவுகள். "ஒரு குவார்ட்டர்தான்" என்று வெட்கத்தோடு குறைத்துச் சொன்னால், கொடுக்கும் மருந்தின் அளவும் குறைந்து, வார்டிலேயே வலிப்பு வந்துவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு, முதல் 90 நாட்கள்

வார்டிலிருந்து அண்ணன் திரும்பிய அன்று வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து கவனித்தோம். நான்காம் நாள் யாரோ அவர் சட்டையை முகர்ந்து பார்த்தார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார். சந்தேகப்படுவது உங்கள் குற்றமல்ல. வருடக்கணக்கில் ஏமாந்தவர்கள் நீங்கள். ஆனால் முகர்வது, பையைத் துழாவுவது, நண்பனுக்கு போன் செய்து விசாரிப்பது ஆகியவற்றை முதல் நாளே அவரோடு பேசி ஓர் ஏற்பாடாக மாற்றிக்கொள்ளுங்கள். நாங்கள் பிறகு வைத்த ஏற்பாடு இது: வேலை முடிந்ததும் அவரே அண்ணிக்கு போன் செய்வார், இரவு எட்டு மணிக்கு அண்ணி எதிரில் மாத்திரை போடுவார், வேறு யாரும் எதுவும் கேட்பதில்லை.

பாதையை மாற்றுங்கள். அண்ணன் அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் கடை. இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்கி, சுற்றி நடந்து வரத் தொடங்கினார். இருபது நிமிடம் கூடுதல் நடை. கேட்பதற்குச் சின்ன விஷயம். அவரோ தன்னைக் காப்பாற்றியது அந்த இருபது நிமிடம் என்றுதான் இன்றும் சொல்வார். குடிக்க வேண்டும் என்ற தவிப்பு அலை மாதிரி எழுந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரத்தைக் கடக்க ஒரு வேலை வேண்டும்: நடை, குளியல், சாப்பாடு, ஒரு போன். மாலை ஐந்து மணிக்கே சுண்டலோ உப்புமாவோ கொடுங்கள். பசித்த வயிற்றில் தவிப்பு இரட்டிப்பாகும்.

சம்பள நாள், துக்க வீடு, கல்யாணம், கோயில் திருவிழா ஆகிய நான்கும் ஆபத்தான நாட்கள். சம்பளத்தை நேராக மனைவியின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப அவர் சம்மதித்தால் நல்லது. பிடுங்கிக்கொள்வது வேறு, அவர் ஒப்படைப்பது வேறு. துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால் போய், மாலை போட்டுவிட்டு, பொழுது சாயும் முன் திரும்பிவிடுங்கள். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

மாத்திரைகளில் டைசல்பிராம் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். இதைச் சாப்பிடுகிறவர் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இதயம் படபடத்து, ரத்த அழுத்தம் சரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி மாத்திரை போட்ட இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு இருக்கும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே இதைத் தரலாம். "கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கோ தான் எதையாவது சாப்பிட்டிருப்பதே தெரியாது. அப்படி ஒரு சாம்பார்ச் சட்டியின் முன் நின்று கை நடுங்கிய ஒரு பெண்ணை நான் அறிவேன். அவரைக் குற்றவாளியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. வேறு வழி இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

மாத்திரைக்கு நிகராக நான் நம்புவது ஏ.ஏ. கூட்டங்களை. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் தமிழ்க் கூட்டங்கள் நகரின் பல பகுதிகளில், பெரும்பாலும் தேவாலய அறைகளிலும் பள்ளி வகுப்பறைகளிலும், மாலையில் நடக்கின்றன. கட்டணம் இல்லை, மதம் பார்ப்பதில்லை, முழுப் பெயர் கேட்பதில்லை. அண்ணன் முதல் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. தன்னைப் போலவே பட்டறை வேலை பார்த்த ஒருவர் எழுந்து, மகளின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்துத் தீர்த்த கதையைச் சொன்னபோது, அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாராம். நாங்கள் பத்து வருடம் சொல்லிப் புரியாதது அன்று அவருக்குப் புரிந்திருக்கிறது. அந்த மனிதரின் போன் எண் இன்றும் அண்ணன் சட்டைப் பையில், ஒரு சீட்டில் இருக்கிறது.

வீட்டில் உள்ளவர்களுக்கு

குடும்பத்தினருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் தனியே நடக்கின்றன. அண்ணி முதலில் மறுத்தார், "குடித்தது அவர், நான் ஏன் போக வேண்டும்?" என்றார். போய் வந்த பிறகுதான், பல வருடம் கழித்து, இரவு தூங்கினார்.

அடி விழுகிற வீட்டில் மீட்பைப் பற்றிப் பேசும் முன் பாதுகாப்பைப் பேச வேண்டும். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுத்து, அதே வீட்டில் வசிக்கும் உரிமையையும் பாதுகாப்பு உத்தரவையும் கேட்கலாம். வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். வருமானம் எதுவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100-ஐ அழையுங்கள். "சிகிச்சையில் இருக்கிறார், பொறுத்துப்போ" என்று சொல்லும் உறவினர்களின் பேச்சைக் கேட்டு அடி வாங்க வேண்டியதில்லை.

சாக வேண்டும் என்ற பேச்சு வீட்டில் யார் வாயிலிருந்து வந்தாலும், அது மிரட்டலா நிஜமா என்று ஆராயாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. மறுமுனையில் இருப்பவர் அறிவுரை சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பார்.

மீண்டும் குடித்துவிட்டால்

பதினான்காவது மாதத்தில் அண்ணன் குடித்தார். பழைய நண்பனின் தங்கை கல்யாணம். இரவு பதினொரு மணிக்கு வந்து வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார், உள்ளே வரவில்லை. அம்மா அழத் தொடங்கினார். அண்ணி அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, ஒரு செம்பு தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார். பிறகு நான் கேட்டபோது, "ராத்திரி பேசினால் சண்டை, காலையில் பேசினால் ஆஸ்பத்திரி" என்றார்.

காலையில் செய்ய வேண்டியவை இவை. டைசல்பிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்றால் காலை வரை காத்திருக்காமல் அப்போதே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். இல்லையென்றால் எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளா, ஒரு வாரமா என்பதைப் பொறுத்தே சிகிச்சை மாறும். பழைய சீட்டோடு, அதே மருத்துவரிடம், முடிந்தால் அன்றே. ஏ.ஏ. நண்பருக்கு அவரையே போன் செய்யச் சொல்லுங்கள். "எல்லாம் போச்சு" என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். பதினான்கு மாதம் அவர் குடிக்காமல் இருந்தது எங்கும் போய்விடவில்லை. எந்த இடத்தில், யாரோடு, எந்த மணிக்கு வழுக்கியது என்று பாருங்கள். அண்ணனுக்கு அது கல்யாண மண்டபத்தின் பின்பக்க வண்டி நிறுத்துமிடம். அதற்குப் பிறகு கல்யாணங்களுக்கு அண்ணியோடு காலை முகூர்த்தத்துக்கு மட்டும் போகிறார்; பந்தியில் முதல் வரிசையில் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதி, பதினோரு மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறார்.